மாமாவுக்குப் போட்ட சென்னை டிக்கெட்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதற்காகத் தெரு எனக்குக் கொடுத்த பதவி, எல்லாருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பது. நான் காலேஜில் என்ன படித்தேன், இப்போது என்ன வேலை பார்க்கிறேன் என்று யாரைக் கேட்டாலும் தெரியாது. போனிலேயே சென்னைக்கு பஸ் பிடித்துக் கொடுப்பேன் என்பது பாபநாசம் வரைக்கும் தெரியும்.

இந்த உத்தியோகத்தில் எனக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். எல்லாம் முடிந்து பணம் கட்டும் நேரத்தில், டிக்கெட் விலைக்கு மேல் அந்த ஆப் கம்பெனிக்காரர்கள் போடும் வசதிக் கட்டணம். ஊர், தேதி, பெயர், வயசு எல்லாம் அடிப்பது நான். முட்டி வலிக்காரருக்குக் கீழ் படுக்கை தேடுவது நான். ஓ.டி.பி. வருவதற்காக மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நான்தான். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்தும் கொடுத்தவனிடம் வயலில் கால் வைத்ததற்கு வாடகை கேட்டால் எப்படி இருக்கும்? அந்த வாடகைக்கு மேல் ஒரு வரி வேறு. ஒருமுறை பொறுக்காமல் புகார் எழுதினேன். 'உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்' என்று நான் போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்தது. அந்த வேகத்தில் அவர்கள் பஸ் ஓடியிருந்தால் கேட்ட பணத்தைக் கொடுத்திருப்பேன்.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அறுவடை மெஷின் தரகர். சம்பா அறுப்பு வந்தால் சேலம் பக்கத்திலிருந்து மெஷின்கள் வந்து இறங்கும். எந்த மெஷின் யார் வயலில் முதலில் இறங்குவது என்பது மாமா கையில். மணிக்கு இவ்வளவு என்று வாடகை, அதில் அவருக்கு ஒரு பங்கு. ஒளிவு மறைவே கிடையாது, டீக்கடையில் சத்தமாகவே சொல்வார். அவர் மகளை எனக்குக் கட்டிக் கொடுப்பதாக ரொம்ப நாளாகப் பேச்சு. பேச்சைத் தொடங்கியவர்கள் பெரியவர்கள். நாங்கள் இரண்டு பேரும் அதை நிஜமாகவே நம்பிவிட்டோம். மாமா மட்டும் இன்னும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் அத்தையின் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது. மாமா கொடுத்த பணத்தில் அவர் குடும்பத்துக்கே டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும் முன் மழை கொட்டி, மெஷின்கள் சேற்றில் புதைந்துகொண்டன. பயணம் ரத்து. டிக்கெட் பணம் திரும்பி வந்தது, வசதிக் கட்டணம் வரவில்லை. ஏறாத பஸ்ஸில் எங்களுக்கு என்ன வசதி செய்து கொடுத்தார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. வந்ததை மாமாவிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார், குறைந்தது ஏன் என்று கேட்கவில்லை. மீசைக்குள் சிரித்துக்கொண்டே, "நடத்து மாப்ள" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. டிக்கெட் பணத்தில் கை வைத்த திருடன் என்று நினைத்துவிட்டாரே. மறுநாள் போனை எடுத்துக்கொண்டு போய், கட்டணம் எங்கே போகிறது, வரி எங்கே போகிறது என்று வரி வரியாகக் காட்டினேன்.

"அப்ப ஒனக்கு ஒண்ணுமே நிக்கலியா?"

"ஒரு பைசா இல்ல மாமா."

"தெருவுக்கே போட்டுக் குடுக்குறியே, அதுலயும்?"

"அதுலயும் இல்ல," என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாமா முகம் விழுந்துவிட்டது. சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை நல்ல பிள்ளைதான் அக்கா, அதுதான் யோசனையாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

அவர் மகள் போன் பண்ணினாள். "ஒங்கள யாரு அத்தான் கணக்கு காட்டச் சொன்னா? இத்தன டிக்கெட் போட்டும் பத்து ரூபா பாக்கத் தெரியாதவன் பொண்டாட்டிக்கு எப்படிச் சோறு போடுவான்னு பொலம்பிக்கிட்டு இருக்காரு. வேற எடம் பாக்கவான்னு அம்மாகிட்ட கேட்டாச்சு."

அவருடைய சிரிப்பு என்ன சிரிப்பு என்று அப்போதுதான் புரிந்தது. மனுஷன் என்னை மெச்சியிருக்கிறார். நான்தான் விழுந்து விழுந்து யோக்கியன் என்று நிரூபித்து, கைக்கு வந்த பெண்ணைத் தொலைக்கப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் வயலுக்குப் போனேன். டிராக்டரைக் கட்டி மெஷினை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவை வரப்போரம் தனியாக அழைத்தேன்.

"மாமா, நேத்து சொன்னது பொய். அந்தக் காசு எனக்குத்தான் வருது."

"போன்ல காட்டுனியே?"

"கேக்குறவங்களுக்குக் காட்டத்தான் அப்படி வச்சிருக்கேன். தெருவுல தெரிஞ்சா பேசுவாங்கல்ல."

கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் விவசாயி முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது வந்தது அவருக்கு. சேற்றுக் கையோடு என் தோளில் தட்டினார். பொழைச்சுக்குவ என்றார். பிறகு தொழில்காரனுக்குத் தொழில்காரன் சொல்கிற குரலில், "ஆனா சொந்தக்காரங்ககிட்ட பாதிதான் வாங்கணும். அதான் மொற," என்றார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாமா இலை இலையாகப் போய், டிக்கெட் வேண்டுமென்றால் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், நம்மவர்களுக்குப் பாதி கமிஷன்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆப் கம்பெனி முழுக் கட்டணத்தையும் பிடித்துக்கொள்கிறது, மீதிப் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. மாமாவுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். சென்னையில் அவர்களுக்கு விசேஷங்களும் அதிகம்.