சபாபதி விற்காத ஈரல்

குமராட்சி கடைத்தெருவில் சபாபதியின் கறிக்கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. தராசில் கறார், பேச்சில் அதைவிடக் கறார். ஆட்டு ஈரலில் வெள்ளை வெள்ளையாக நீர்க்கட்டி கண்டால் யார் கேட்டாலும் விற்க மாட்டான், வீட்டு நாய்க்குப் போட்டுவிடுவான். "பெரிய யோக்கியன்டா நீ" என்று கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் பெருமைதான், என் சிநேகிதனாயிற்றே.

அந்த நாயை வளர்த்தவள் அவன் மனைவி எழிலரசி. பிள்ளை இல்லாத வீடு. சாயங்காலமானால் அதை மடியில் போட்டு உண்ணி எடுப்பாள், அதே கையோடு முறுக்கும் தின்பாள். ஊரில் யார்தான் அப்படி இல்லை?

அவளுக்குக் காதுக்கு மேலே மண்டை புடைத்தது. கொழுப்புக்கட்டி என்று விட்டுவிட்டார்கள். பிறகு தலைவலி, வாந்தி, கண் மங்கல். சிதம்பரத்தில் ஸ்கேன் எடுத்தால், மண்டையோட்டு எலும்புக்குள் கொத்துக் கொத்தாகக் கட்டிகள். புற்றுநோய் என்றே பயந்தோம். படத்தையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்த டாக்டர் காயத்ரி, சபாபதியின் தொழிலை விசாரித்தார். நாய் இருக்கிறதா என்றார்.

"கட்டி வந்த ஈரல என்ன பண்ணுவீங்க?"

சபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தான். "விக்க மாட்டேங்க மேடம். நாய்க்குப் போட்டுடுவேன்."

டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். பிறகு சொன்னார்: அந்த ஈரல் கட்டியில் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. நாய் தின்றால் குடலில் வளர்ந்து முட்டையிடும். முட்டை மலத்தோடு வந்து நாயின் முடியில் ஒட்டும், நம் கைவழியே வாய்க்குப் போகும். உள்ளே போனது ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாகத் தங்குவதுதான் வழக்கம், மண்டை எலும்பில் ரொம்ப அபூர்வம்.

"மனுஷங்க அந்த ஈரலத் தின்னா இந்த நோய் வராது. நீங்க அதப் புதைச்சிருக்கணும்."

எனக்குச் சாமி மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள், நானும் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தபோது, எழிலரசி கேட்டாள். "எதனால வந்துச்சாம்?"

அவனுக்கு மறைக்கத் தெரியாது. ஈரலையும் நாயையும் சொல்லிவிட்டு அழுதான்.

அவள் தடவித் தேடி அவன் கையைப் பிடித்தாள். "அழுவாதீங்க. நீங்க வித்திருந்தா எத்தினி வூட்டுப் புள்ளைங்களுக்கு வந்திருக்கும்? நம்மளோட போச்சேன்னு நெனச்சிக்குங்க."

சபாபதி என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமாம் எழிலு" என்றான்.

ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோகும் முன்பே கட்டி உள்ளுக்குள் தானாக உடைந்து, அதன் நீர் உடம்புக்கு ஒவ்வாமல் அவள் போய்விட்டாள். இழவுக்கு வந்தவர்களெல்லாம் "இம்மாம் நல்லவனுக்கா இப்படி?" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் சபாபதி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.