ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரும் ஒரு வரப்பெலியும்

எங்கள் பங்குக் கிணற்றில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் முறை. மற்ற நாட்களில் திண்டுக்கல்லில் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்திவிட்டு, சனிக்கிழமை மாலை சைக்கிளில் தாடிக்கொம்புப் பக்கத்து நிலத்துக்கு வந்து விவசாயியாக மாறிவிடுவேன். மாறிவிட்டதாகக் கிணற்றில் கமலை இழுக்கும் மாடுகள்கூட நம்பியதில்லை.

அந்த வருஷம் சின்ன வெங்காயம். இறைத்த தண்ணீரில் பாதி, வாய்க்கால் கரையில் வரப்பெலி போட்ட வளை வழியாகப் பெரியப்பா மகனுடைய கத்தரித் தோட்டத்துக்குப் போய்விடும். என் கடைசி நாலு பாத்தியில் தாள் பழுத்து நின்றது. இன்னும் தண்ணீர் எட்டாவிட்டால் காய் திரளாது.

"அண்ணே, என் தண்ணி உங்க கத்தரிக்கு வருது."

"வந்தா நான் என்னப்பா செய்ய? எலிய நானா வளக்குறேன்? வாத்தியாரு நீ, கூப்பிட்டுக் கண்டிச்சு வையி."

பிடித்தே தீருவது என்று முடிவுசெய்தேன். படித்தவன் அல்லவா, முதலில் நோட்டுப் போட்டுக் கவனித்தேன். ரவை போல் புதுமண் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வளையைத் திறந்துவைத்தால் அதற்குப் பொறுக்காது. விடிவதற்குள் உள்ளிருந்து மண் தள்ளி அடைத்துவிடும். இவ்வளவையும் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் இறைப்பு முடிந்ததும் வைக்கோலும் சேறும் திணித்து வளைவாயை நானே அடைத்துவிட்டு ஊர் திரும்புவேன். அடுத்த ஞாயிறு தண்ணீர் பட்டதும் என் அடைப்பு பிய்த்துக்கொண்டு போகும்.

ஒரு சனிக்கிழமை அடைப்பைப் பிடுங்கிவிட்டு, வாயில் மூங்கில் கிட்டிப் பொறி வைத்தேன். இரைக்கு வறுத்த கடலை. காலையில் பார்த்தால் வில், கயிறு, கடலை எல்லாம் மண்ணுக்குள் புதைந்திருந்தன. கையை விட்டுத் துழாவினேன். முழங்கை ஆழத்துக்குக் கொத்தனார் இடித்து இறுக்கியதுபோல் கெட்டி மண்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "பொறிக்கே சமாதி கட்டிருச்சே அப்பு!"

மாடு பூட்டியாயிற்று, வேறு வழியில்லாமல் தண்ணீரை விட்டேன். அது வளையைத் தாண்டி நேரே போயிற்று. கடைசிப் பாத்தி நனைந்தபோதுதான் விளங்கியது: வாயை நான் அடைத்து வைத்திருந்த வரைக்கும், அடைக்க வேண்டிய அவசியமே எலிக்கு இருக்கவில்லை.

அப்புறம் சனிக்கிழமைதோறும் ஈரத்தில் இளகிய மண்ணைச் சுரண்டித் திறந்துவிடுவேன். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

என் தண்ணீர் கத்தரிக்குப் போகாத மூன்றாம் வாரம் அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். "என்னப்பா, எலிய அப்படியே விட்டுட்ட? செத்த நேரம் நில்லு, வெட்டிப் பிடிச்சிருவோம்."

"இப்ப வேணாம்ணே. வெங்காயம் எடுக்கட்டும்."

"அதுக்குள்ள அம்புட்டு வரப்பையும் குடைஞ்சிரும்ப்பா!"

வளைக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் வீட்டுக்குப் போகிறவரை நகரவில்லை.