முப்பத்தேழு பவுண்டு ஆர்டிஸ்

மீன் நிறுக்கும் தராசின் கொக்கியில் நாணை மாட்டி, வில்லின் பிடியை இரண்டு கைகளாலும் கீழே இழுக்கிறார் ஆர்டிஸ் ஹல்வர்சன். தராசு முள் நடுங்கி முப்பத்தேழில் நிற்கிறது. விட்டுவிட்டு மறுபடி இழுக்கிறார். இந்த முறை முப்பத்தாறரை. வண்டிக் கொட்டகையின் ஒற்றை விளக்கடியில், சந்தேகப்பட வேண்டியது வில்லையா தராசையா என்று தெரியாமல் இரண்டையும் முறைக்கிறார்.

"நேத்து ரெண்டு தடவையும் முப்பத்தேழு காட்டுச்சே. மரம் இளைச்சுப்போச்சா, இல்ல தராசு தூங்குதா?"

செப்டம்பரில் வில்வேட்டைப் பருவம் தொடங்கிய நாளிலிருந்து பனி முழங்காலுக்கு வரும்வரை தினமும் விடியுமுன் இந்த எடைபார்ப்பு நடக்கும். நாணை முழுக்க இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டுமோ அதுதான் வில்லின் எடை. மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச எடையைவிட இவருடையது கொஞ்சம்தான் அதிகம். வேட்டைக்கே போகாத கணவர் டுவேன் சொல்வார்: "எங்க வீட்டுல காலையில முதல் பேச்சே எடை என்னங்கிறதுதான். என் எடையத்தான் ஒருத்தரும் கேட்டதில்ல."

ஆர்டிஸுக்கு ஐம்பத்தொன்பது வயது. முப்பத்தோரு வருடங்களாகக் கிராமப்புறத் தபால் வண்டி ஓட்டுகிறார். நாளொன்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு சாலையோரப் பெட்டிகள்; ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வழியாக வலது கையை நீட்ட வேண்டும். நாண் இழுப்பதும் அதே கைதான். நான்கு வருடங்களுக்கு முன் அந்தத் தோள்பட்டையைத் திறந்து தைத்த மருத்துவர், நாற்பது பவுண்டுக்குமேல் எதையும் இழுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஐம்பத்திரண்டு பவுண்டு வில் கைமாறிப் போயிற்று. அந்த இடத்துக்கு வந்ததுதான் இந்த மேப்பிள் மரவில். பெட்ரோல் கடையில் காபி குடிக்கும் வேட்டைக்காரக் கூட்டம் அதைப் பார்த்த முதல் நாளே தீர்ப்பு சொல்லிவிட்டது: "முப்பத்தேழா? எங்க வீட்டுக் குளிர்பெட்டிக் கதவு இதவிட பலமா இழுக்கும்!"

அம்புக்கு இறகு அவர் வாங்குவதில்லை. காட்டு வான்கோழி அடித்தவர்கள் அதன் சிறகிறகுகளைத் தங்கள் தபால் பெட்டியிலேயே போட்டுவைப்பார்கள். தபால்தலை ஒட்டாமல் அவர் எடுத்துச் செல்லும் ஒரே பொருள் அது. மற்றவர்கள் மஞ்சள், ஆரஞ்சு என்று சாயமேற்றிக்கொள்வார்கள். இவருடைய அம்பு மட்டும் சருகு நிறத்தில் இருக்கும். கீழே விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு. கடிதக் கட்டுகளின் ரப்பர் வளையங்கள் சட்டைப்பையில் எப்போதும் அரை டஜன் கிடக்கும். சாணை பிடித்த அம்புமுனையை, இழுத்துப் பிடித்த வளையத்தின்மீது லேசாக வைப்பார். அழுத்தாமலே அறுந்தால் அந்த அம்பு காட்டுக்குப் போகலாம். அறுபடாவிட்டால் மறுபடி சாணைக்கல்.

முப்பத்தோரு வருடங்களில் ஒரு கடிதத்தைக்கூட அவர் தப்பான பெட்டியில் போட்டதில்லை என்று ஊரே சாட்சி சொல்லும். அதே ஆள் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? "தெரியல." அங்கே அசைந்தது மானா, அணிலா? "தெரியல, பாக்கலாம்." சில நாள் அவரோடு தோப்புக்குப் போய்வரும் நான் இதை அடக்கம் என்று முதலில் நினைத்திருந்தேன். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பது புரிய எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின.

அதற்குக் காரணம் ஒரு கொம்பு மான். தோள் வலியோடு ஐம்பத்திரண்டு பவுண்டு வில்லை இழுத்துக்கொண்டிருந்த கடைசி வருடத்தில் அம்பு அதன் தோள் எலும்பில் பட்டு நின்றது. மான் ஓடிவிட்டது. மூன்று நாள் தேடினார். டுவேனின் அண்ணன் லைலுக்குச் சொந்தமான ஓக் தோப்பு அது. பனி உருகியதும் லைல் வேலியோரத்தில் எலும்புகளைக் கண்டார். பக்கத்தில் கிடந்த அம்பை எடுத்துவந்து தன் தபால் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதவில்லை. ஆர்டிஸ் அன்று அந்தப் பெட்டியில் கடிதங்களைப் போட்டு, அம்பை எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

புது வில்லோடு அவர் திரும்பி வந்தபோது லைல் வாய் திறந்தார். "பெரிய வில்லுலயே ஒன்ன அழுக விட்ட. இந்தப் பல்குத்துற குச்சியில இன்னொன்னு அப்படி ஆச்சுன்னா, வில்லோட என் நிலத்துல கால் வைக்காத. அவ்வளவுதான்."

சுற்றுவட்டாரத்தில் மற்ற காடுகளெல்லாம் குத்தகைக்குப் போய்விட்டன. மரத்தில் ஏறிப் பரண் கட்ட அந்தத் தோள் விடாது. தரையில் உட்கார்ந்து வேட்டையாட ஆர்டிஸுக்கு மிச்சமிருப்பது லைலின் தோப்பு ஒன்றுதான். அங்கும் உட்காரக் கவிழ்க்கும் பால்வாளியை அவர் தினமும் வீட்டிலிருந்து தூக்கிப்போய்த் தூக்கிவர வேண்டும். அதைக்கூட அங்கே விட்டுவைக்க லைல் சம்மதித்ததில்லை.

வாளியைச் சுற்றிப் பன்னிரண்டு கெஜ தூரத்துச் செடிகளில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவைத்திருக்கிறார். "நூலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறது மான் இல்ல. அது இயற்கைக் காட்சி." மூன்று பருவங்களாக அவர் பார்த்ததெல்லாம் இயற்கைக் காட்சிதான். சின்ன வில் மானை வீழ்த்துமா என்று ஊருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. தபால் வண்டிக்கு மாற்று ஆள் வரும் நாள். பால் கறந்து முடித்த லைலோடு நான் அவர் கொட்டகை வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிவாக்கில் தோப்பிலிருந்து ஆர்டிஸ் வந்தார். ஒரு கையில் வில், மறு கையில் வாளி.

"விட்டுட்டேன்," என்றார்.

"எத?"

"அம்பத்தான். பெட்டை மான். பதினோரு கெஜம்."

"பட்டுச்சா?"

"தெரியல."

லைல் கோப்பையை மரக்கட்டைமேல் வைத்தார். "பட்டுச்சு, இல்ல தப்புச்சு. ரெண்டுல ஒன்னுதான ஆர்டிஸ் இருக்கு?"

"ரெண்டுல எதுன்னுதான் தெரியல. கொசு கடிச்ச மாதிரி ஒரு துள்ளு துள்ளுச்சு. சுத்தி ஒரு பார்வை பாத்துச்சு. அப்புறம் குனிஞ்சு ஓக் கொட்டை தின்ன ஆரம்பிச்சிருச்சு."

"தின்னுச்சா?"

"தின்னுச்சு. அப்புறம் நடந்து போயிருச்சு. ஓடல லைல், நடந்துச்சு."

"அம்பு பட்ட மான் நின்னு நிதானமா பலகாரம் சாப்பிட்டுட்டா போகும்?"

"அதத்தான் நானும் வாளிமேல உக்காந்து அரை மணி நேரமா யோசிச்சேன்."

காயம்பட்ட மான் மிரண்டு ஓடாதிருக்க, அம்பு விட்டபின் அரை மணி நேரம் அசையக்கூடாது என்பது இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். கைக்கடிகாரத்தைப் பார்த்து அதை முடித்துவிட்டு, மான் நின்ற இடத்துக்குப் போயிருக்கிறார். ரத்தம் இல்லை. மயிர் இல்லை. அம்பும் இல்லை. விட்டதை யாரும் பார்க்கவும் இல்லை. அப்படியே வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நேராக லைலிடம் வந்து நின்றார்.

மூவரும் போனோம். லைல் வழியெல்லாம் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தார். "முப்பத்தேழு பவுண்டு மானைத் துளைச்சு அந்தப் பக்கம் போகாது. பட்டிருந்தா பாதி அம்பு மானுக்குள்ள இருக்கும், மீதி இங்க ஒடிஞ்சு கிடக்கும். தப்பியிருந்தா வயித்துக்குக் கீழ போய் இந்தச் சருகுல சொருகியிருக்கும். நீ தப்புனா எப்பவும் கீழதான விடுவ?"

"ஆமா, கீழதான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மூன்று பேரும் ஒரு சமையலறை அகலத்துக்குள் மண்டியிட்டு ஒரு மணி நேரம் சருகைக் கிளறினோம். இரண்டு தடவை அம்பு என்று நான் எடுத்தது குச்சி.

"இந்த நிறத்துல இறகு கட்டுறவங்கள சட்டம் போட்டுத் தடுக்கணும்," என்றார் லைல். இன்னும் கொஞ்சம் தேடிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தப்பிருச்சு. அம்ப எலி எதுனா இழுத்துட்டுப் போயிருக்கும். தப்புனதாவே வச்சுக்குவோம். நம்ம பேச்சுக்கும் பங்கம் இல்ல. அடுத்த சனிக்கிழமை வா."

அவர் விட்டுக்கொடுத்தது அது. ஒரு 'சரி' போதும். தோப்பு கையை விட்டுப் போகாது. ஆர்டிஸ் தலையாட்டினார். வாளியை எடுத்தார். நான்கு அடி நடந்து நின்றுவிட்டார்.

"இல்ல லைல். அம்பு கிடைக்கலன்னா அதுக்குப் பேரு தப்பிருச்சுன்னு இல்ல. தெரியலன்னுதான் பேரு."

"அம்மா தாயே. காலையிலேர்ந்து அதத்தான சொல்லிட்டிருக்க."

"முகவரி அழிஞ்ச கடுதாசியக்கூட நான் தூக்கிப்போட்டதில்ல."

திரும்பிப் போய் வாளியைப் பழைய இடத்தில் கவிழ்த்து உட்கார்ந்தார். என்னை மான் நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார்.

"கொஞ்சம் குனிங்க. மான் அவ்வளவு உசரமில்ல."

குனிந்தேன்.

"இன்னும். சரி, அப்படியே இருங்க."

லைலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆர்டிஸ் சிரிக்கவில்லை. வில்லை ஏந்தி, அம்பு இல்லாமல் நாணைப் பாதிவரை இழுத்து, மெல்லத் தளர்த்தினார். எழுந்து, அந்த நேர்க்கோட்டிலேயே நடந்து வந்தார். என்னருகே நிற்கவில்லை. என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார். மானுக்குப் பின்னால் இருந்த அந்தப் பக்கத்தை அதுவரை எங்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அம்பு போயிருக்க முடியாது என்று மூவருக்குமே நிச்சயமாக இருந்தது.

இருபத்தாறு அடி எண்ணினேன். மக்கிக் கிடந்த ஒரு மரத்தண்டின்முன் அவர் நின்றார். அதில் செருகியிருந்தது அம்பு. வரிவரியான வான்கோழி இறகுகள் மூன்றும் ஈரத்தில் ஒட்டி, கருஞ்சிவப்பாகிக் கிடந்தன.

லைல் வந்து அம்பின் தண்டில் விரலை ஓட்டி முகர்ந்தார். அம்பிலிருந்து மான் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து வாளியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"முழுசா வெளிய வந்திருக்கு," என்றார். "முப்பத்தேழா?"

"முப்பத்தாறரையாவும் இருக்கலாம். இன்னிக்கு ரெண்டும் காட்டுச்சு."

"அப்போ அது எப்படிடீ நின்னு தின்னுச்சு?"

ஆர்டிஸ் அதற்குள் பெரணிச் செடிகளுக்குள் குனிந்து போய்க்கொண்டிருந்தார். மான் நடந்த தடத்தில் எட்டாவது அடியில்தான் முதல் ரத்தத்துளி இருந்தது. நுரை கலந்த இளஞ்சிவப்பு, இலையின் அடிப்பக்கத்தில். துளி கண்ட இடங்களிலெல்லாம் ஒரு வெள்ளைக் காகிதத் துணுக்கை வைத்தபடி போனார். பன்னிரண்டு துணுக்குகள் வைத்திருப்பார். நாற்பது கெஜத்தில், சாய்ந்து கிடந்த எல்ம் மரத்துக்குப் பின்னால், தலையை மடித்து வைத்துத் தூங்குவதுபோல் கிடந்தது பெட்டை மான். நாங்கள் சருகைக் கிளறிக்கொண்டிருந்த நேரமெல்லாம், எங்கள் பேச்சு கேட்கும் தூரத்தில்தான் கிடந்திருக்கிறது.

ஆர்டிஸ் ஒரு குச்சியால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை. லைல் விலாவைத் தடவி, அம்பு நுழைந்த இடத்தையும் வெளிவந்த இடத்தையும் கண்டுபிடித்தார். இரண்டும் ரப்பர் வளையத்தை அறுத்த முனை போட்ட மெல்லிய கோடுகள். உரோமம் மூடிக்கொண்டால் தெரியாது.

"ரெண்டு நுரையீரலும் போயிருக்கு," என்றார் லைல். அப்புறம், யாரிடமோ பேசுவதுபோல, தோப்பைப் பார்த்துச் சொன்னார்: "நான் போய் டிராக்டர் எடுத்துட்டு வரேன். அந்த வாளிய அங்கயே கவுத்து வை. தினமும் எதுக்குத் தூக்கிட்டு அலையுற."

அது ஆர்டிஸ் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மானின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தார். கட்டைவிரலால் அதன் உதட்டை ஒதுக்கி, கடைவாய்க்குள் இரண்டு விரல்களை நுழைத்து எதையோ தேடினார். வெளியே எடுத்தது ஓர் ஓக் கொட்டை. ஒரு பக்கம் ஓடு கடிபட்டிருந்தது. மறுபக்கம் முழுசாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால்சட்டையில் துடைத்து, ரப்பர் வளையங்கள் கிடக்கும் சட்டைப்பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார்.