ஹெப்சிபா வெட்டாமல் விட்ட ஒன்றரை நிமிடம்

ஹெப்சிபா அவர்கள் இறந்த செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. அதற்குள் அவர் ஊரான நாசரேத்தில் அடக்கமே முடிந்துவிட்டது. வானொலி நிலையத்து எடிட்டர் முத்துக்குமார் போன் செய்து, "அண்ணாச்சி, மேடம் போயிட்டாங்க" என்றார். என்றைக்கு என்று கேட்டேன். சொன்னார். அத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்தில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட யாருக்கும் தோன்றவில்லை. இதை எழுதாமல் விட மாட்டேன். இப்போது நினைவுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசச் சொல்கிறார்கள். மூன்று நிமிடத்தில் அடங்குகிற விஷயம் என்னிடம் இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்கள் முழுதாகப் படிக்க வேண்டும்.

நான் சங்கு குளித்தவன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றது. துறைமுகத்தில் மூட்டைகள் மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கற்றேன். கடலடியில் எந்தப் பார், எந்தப் பாறைத் திட்டு எங்கே இருக்கிறது, எந்தக் காற்றுக்கு எங்கே தண்ணீர் கலங்கும் என்று கேட்க, படித்தவர்கள் பலர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நாள் கணக்கில் கேட்டுப் போவார்கள். பிறகு அச்சில் வரும்போது 'அப்பகுதி மீனவர் ஒருவர்' என்று இருக்கும். அந்த 'ஒருவர்' நான்தான். அதற்குப் பிறகு யார் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்படி இருந்தபோதுதான் வானொலி நிலையத்திலிருந்து ஹெப்சிபா திரேஸ்புரத்துக்கு வந்தார். கரையோரத்து ஆட்களின் பேச்சைப் பதிவு செய்து பாட்காஸ்டாகப் போடப் போவதாகவும், நினைத்த நேரத்தில் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"எம் பேரு எங்கன வரும்?" என்றேன்.

"முதல்ல வரும் அண்ணாச்சி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

அவர் பையிலிருந்து பதிவுக் கருவியை எடுத்துப் பொத்தானை அமுக்கி, "பேசுறவர் சூசை, திரேஸ்புரம். அப்பா பேரு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "இனிமே நீங்க ஒரு வார்த்தை பேசாட்டாலும் சரி. பேரு ஏறிட்டு" என்றார். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் மறுவாரம் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

அந்த ஸ்டூடியோ உங்களுக்குத் தெரியும். முன்பு டேப் சுருள்களை அடுக்கி வைத்திருந்த அறை. மைக்கில் சத்தம் விழும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள். எனக்குச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. அவருக்கும் அப்படித்தான். நான் பேசும்போது அவர் விசிறிக்கொள்ளவில்லை, காகிதத்தைக்கூடப் புரட்டவில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருடைய பேச்சாக இருந்தாலும், வெட்டி ஒட்டி முடித்தபின் பேசியவரைக் கூப்பிட்டு முழுதும் போட்டுக் காட்டுவார். "சொன்னவர் காதுல விழாம எதுவும் வெளிய போகாது" என்பார். நேரம் வீணாகிறது என்று சிலர் முனகியதை நானே கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது முறை போனபோதுதான் மிக்கேல் மச்சானைப் பற்றிச் சொன்னேன். என் அக்கா லூர்துவின் புருஷன். எங்கள் பக்கத்தில் சங்கு குளிக்க ஒருவன் இறங்கினால், வள்ளத்தில் நின்று அவன் கயிற்றைப் பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க அவன் சம்மதிக்க மாட்டான் என்பதுதான் கணக்கு. கீழேயிருந்து இழுப்பு வந்த பிறகுதான் தூக்க வேண்டும். வராமல் தூக்கினால், உனக்கு மூச்சு போதாது என்று அவனை நாலு பேர் முன்னால் சொன்ன மாதிரி. நேரம் பார்க்க எங்களிடம் கடிகாரம் கிடையாது. 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மனதுக்குள் சொல்லி எண்ணுவோம். மச்சானுக்கு ஆறாவது செபத்தில் இழுப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. ஏழு சொன்னேன். எட்டு சொன்னேன். ஒன்பதாவது முடிந்ததும் இழுப்பு வராமலே தூக்கினேன். மச்சான் வந்தார். மூச்சு வரவில்லை.

நான் கயிற்றை விட்டுவிட்டு பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தேன் என்று கரையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அக்கா அதை நம்பினாள். நாற்பத்தாறு வருடம் என்னோடு பேசவில்லை.

ஸ்டூடியோவில் இதைச் சொல்லும்போது, "கயித்தப் பிடிச்சிட்டு நின்னேன்" என்று சொல்லி நிறுத்தினேன். மனதுக்குள் ஒன்பது செபத்தையும் சொன்னேன். பிறகு "தூக்கினேன்" என்றேன். இடையில் ஹெப்சிபா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் போட்டுக் காட்டினார்கள். "கயித்தப் பிடிச்சிட்டு நின்னேன். தூக்கினேன்." அவ்வளவுதான் இருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"நடுவுல இருந்தது எங்கய்யா?"

முத்துக்குமாருக்கு விளங்கவில்லை. "நடுவுல ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி. ஒன்றரை நிமிஷம் வெறும் அமைதி. எடுத்துட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்தைந்து வருடம் ஒலிபரப்பில் இருந்தவர். அங்கே சில நொடி சத்தம் நின்றாலே டியூட்டி அறையிலிருந்து ஆள் ஓடி வர வேண்டும், பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். அமைதியைக் கண்டால் அவர் கை தானாகவே வெட்டிவிடும்.

"நானும் கேட்டுட்டுத்தான் சரின்னு சொன்னேன் அண்ணாச்சி. நீங்க கலங்கிப் போய் நின்னுட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார் ஹெப்சிபா.

"கலங்கல. எண்ணுனேன்" என்றேன். செபக் கணக்கைச் சொன்னேன். "நீங்க போட்டிருக்க மாதிரின்னா நான் உடனே தூக்குனேன்னு ஆகுது. எனக்கு அந்த நல்ல பேரு வேண்டாம். நான் நின்னேன். அவ்வளவு நேரம் நின்னேன். அது கேக்கணும்."

அவர் புராட்டஸ்டண்ட் சபைக்குப் போகிறவர். மாதா செபத்தை எண்ணுவது அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனாலும் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. முத்துக்குமார் பக்கம் திரும்பி, "தப்பை வெட்டலாம் சார். நாம ஆளை வெட்டிட்டோம். திரும்ப வைங்க" என்றார். மேலதிகாரி ஒப்பவில்லை. கேட்பவர்கள் பழுது என்று நினைப்பார்கள் என்றார். 'இந்த அமைதிக்கு நான் பொறுப்பு' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் ஹெப்சிபா. அரசாங்க ஊழியத்தில் அப்படி எழுதிக் கொடுப்பவரை நான் வேறு பார்த்ததில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அக்காவுக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்றார்.

"அங்கன போகக்கூடாது. போனா நான் பேசுனதையே அழிச்சிருங்க" என்றேன்.

"அழிச்சிருதேன் அண்ணாச்சி. ஆனா போடுததுன்னா அவங்க கேட்ட பிறகுதான். செத்தவர் உங்களுக்கு மச்சான். அவங்களுக்குப் புருஷன்."

இரண்டு வாரம் நான் போனை எடுக்கவில்லை. அவரும் இறங்கி வரவில்லை. என்னைவிடப் பிடிவாதக்காரர் ஒருவர் இருப்பதை அந்த இரண்டு வாரத்தில்தான் அறிந்தேன். கடைசியில் நான்தான் போன் செய்தேன்.

அக்கா ஆலந்தலையில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஹெப்சிபா உள்ளே போய் உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஹெப்சிபா போனை ஸ்டூலில் வைத்து ஓட விட்டார். என் குரல், "கயித்தப் பிடிச்சிட்டு நின்னேன்" என்று சொல்லி நின்றது.

அக்கா போனையே பார்த்தாள். பிறகு அவள் உதடு அசையத் தொடங்கியது. அவளும் குளியாளின் பெண்டாட்டிதானே, அவளுக்குக் கணக்கு தெரியும். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஆறு வரைக்கும் சத்தமில்லாமல் எண்ணினாள். அதற்கு மேல் அவளுக்கு முடியவில்லை.

"தூக்குல" என்றாள். "ஏலே, தூக்குல."

அவ்வளவு சீக்கிரம் அது முடியவில்லை. இன்னும் மூன்று செபம் இருந்தது. ஹெப்சிபா அணைக்கவில்லை. முடிந்து, "தூக்கினேன்" என்று என் குரல் வந்ததும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"நானா இருந்தா பாதியிலேயே தூக்கியிருப்பேன்" என்றாள். பிறகு, "அந்த மனுஷன் மேல வந்து என்னைய அடிக்க வந்திருப்பாரு" என்றாள்.

"வந்திருப்பாரு" என்றேன்.

"உள்ள வா. வாசல்ல நின்னுட்டு."

திரும்பி வரும்போது காரில் ஆத்தூர் தாண்டிய பிறகு, "போடலாமா அண்ணாச்சி?" என்று கேட்டார் ஹெப்சிபா. போடுங்கள் என்றேன். வெளியான அன்று திரேஸ்புரத்து டீக்கடையில் நாலு பேர் கூடிக் கேட்டார்கள். அந்த இடம் வந்ததும் ஒருவன், "நெட்டு போச்சுல" என்று போனைத் தட்டினான். இன்னொருவன், "தட்டாதல. பெருசு கயித்தப் பிடிச்சிட்டு நிக்காரு" என்றான். பீடிக் கதையைச் சொன்னவர்களின் பிள்ளைகள் அவர்கள். அப்புறம் யாரும் போனைத் தொடவில்லை.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நன்றி சொல்லியிருப்பேனா என்று கேட்டால், சந்தேகம்தான். நன்றி சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. இப்போது சொல்கிறேன், கேட்க அவர் இல்லை. நீங்களாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதப் போகிறேன் என்றதும் அக்கா, "அந்தப் பிள்ளையப் பத்தி எழுதச் சொன்னா உன்னப் பத்தியே எழுதி வைக்காத" என்றாள். அவள் பயந்தபடியே ஆகிவிட்டது. எனக்கு அவரைத் தெரிந்தது இந்த அளவுதான். அவருடைய படம் என்னிடம் இல்லை, கையெழுத்து இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆலந்தலைக்குப் பஸ் ஏறுகிறேன். அக்கா மீன் குழம்பு வைத்து, புளி கூடிவிட்டது என்று மகளைத் திட்டி, எனக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள். ஹெப்சிபா அவர்கள் எனக்கு வைத்துவிட்டுப் போனது அந்தத் தட்டு.