இரண்டாவது வெட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது கட்டிவிட்ட கதை இல்லை. போன புரட்டாசியில், கோவில்பட்டியில், பட்டப்பகலில் நடந்தது.

கொம்பையா, தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற ஆபீஸில் மெக்கானிக். அங்கே காகிதம் வெட்டும் மெஷின் ஒன்று, அவர் அப்பா காலத்தது. மிதியை மிதித்தால் கத்தி ஒரே தடவை இறங்கும், ஏறும், நிற்கும். அதை நிறுத்துவது ஒரு தோல் பட்டை. அந்தப் பட்டையில் எண்ணெய் படக் கூடாது; பட்டால் வழுக்கும், கத்தி நிற்காது. அதனால் மேலே உள்ள பல்சக்கரங்களுக்குக் கெட்டி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். தையல் மெஷினுக்கு ஊற்றும் தண்ணி எண்ணெய் என்றால் வழிந்து பட்டைக்கு வந்துவிடும்.

இது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், கெட்டி எண்ணெய் தீர்ந்த ஒரு நாள், கடைக்குப் போகச் சோம்பல்பட்டு மற்றதை ஊற்றினார். கத்தி இரண்டாவது தடவையும் இறங்கியது. வெட்டிக்கொண்டிருந்த சீனித்தாய்க்கு வலது கையில் நாலு விரல் போயிற்று.

“பராக்குப் பாத்துக்கிட்டே கைய விட்டுட்டா, முதலாளி” என்றார் கொம்பையா.

அவளுக்கு வேலையும் போயிற்று. ஒரு நாள் அவர் வாசலில் வந்து நின்றாள்.

“எண்ணெய் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. விரலு வராது. பேராவது திரும்பட்டும்.”

“போடி! உன் கவனக்கொறவுக்கு நானா பொறுப்பு?”

போன ஆயுதபூஜைக்கு முந்தின ஞாயிறு, முதலாளி தங்கப்பாண்டியன் போன் போட்டார். “கொம்பையா, சும்மா கிடக்குற கிழட்டு மெஷின எழுப்பிருவியா, பழைய இரும்புக்குப் போட்டுரவா?”

“சரியான எண்ணெய் குடுத்தா அது பாட்டே பாடும், முதலாளி.”

தனியாகப் போனார். மண்ணெண்ணெயால் கழுவினார். புது டப்பாவை உடைத்து, கெட்டி எண்ணெயைக் குப்பியில் நிரப்பினார். மணி பன்னிரண்டு பத்து. தெருவில் வெயில். காக்காய் கூடக் கத்தவில்லை.

பன்னிரண்டு முப்பத்தைந்து. பின்னால் வளையல் சத்தம்.

க்ளிங்...

சீனித்தாய் நின்றாள். எண்ணெய்க் குப்பியை நீட்டினாள்.

“நீ எப்ப வந்த?”

“ஊத்துங்க, அண்ணாச்சி.”

வாங்கி ஊற்றினார். தேன் மாதிரி இறங்க வேண்டியது, தண்ணீராக ஓடியது. பட்டையை நனைத்தது. கத்திக்கு அடியில் விழுந்தது. சொட்... சொட்...

திரும்பினார். யாரும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. குப்பியை நீட்டிய வலது கையில் ஐந்து விரல்கள்.

துணியை எடுத்து, கத்திக்கு அடியில் பதறித் துடைத்தார். மோட்டார் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.

டக்!

நூலளவில் கை தப்பியது. கத்தி ஏறியது.

கையை இழுத்தார்... வரவில்லை.

மணிக்கட்டில் ஒரு பிடி. குளிர்ந்த பிடி.

க்ளிங்...

டக்!

பன்னிரண்டு நாற்பது.

வலது கை. நாலு விரல்.

ஆஸ்பத்திரியில் அவர் கதறினார். “அவ பிடிச்சா முதலாளி! அவதான் எண்ணெய மாத்துனா!”

தங்கப்பாண்டியன் டாக்டரிடம் சொன்னார்: “பராக்குப் பாத்துக்கிட்டே கைய விட்டுட்டாரு.”

சாயங்காலம்தான் சேதி வந்தது. புதியம்புத்தூரில் அண்ணன் வீட்டில் கிடந்த சீனித்தாய், அன்று காலை பதினொன்று இருபதுக்கே இறந்துபோயிருந்தாள். குளிப்பாட்டிய பெண்கள் ஒன்று சொன்னார்கள். பன்னிரண்டு நாற்பது இருக்குமாம்... இறுகிக் கிடந்த அந்த வாய், மெல்லச் சிரித்ததாம்.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் உழைக்கிற கையெல்லாம் பத்து விரலோடும் நல்ல பேரோடும் நூறு வருஷம் இருக்கட்டும்.