துணி போர்த்திய இரண்டாம் திரை

பொத்தோத்தானில் சாவு வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோய் வைக்கிறவன் கிரிசாந்தோ மக்பனுவா. சவப்பெட்டி, பூ, பந்தல், நாற்காலி எல்லாம் ஈமக்கடைக்காரர் அனுப்புவார். அவற்றோடு ஒரு மடிக்கணினி, ஒரு கேமரா, தனியாக இன்னொரு திரை. இந்த மூன்றுக்கும் அவன் பொறுப்பு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கேமரா வழியாகச் சாவு வீட்டைப் பார்ப்பார்கள். பெட்டியின் தலைமாட்டில் வைத்த அந்த இரண்டாம் திரையில் அவர்கள் முகம் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து போன ஊர். அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

அதற்கு முன்பு அவன் தைவானில் திரை செய்யும் ஆலையில் ஒன்பது ஆண்டு இருந்தான். கறுப்புப் புள்ளி விழுந்த திரையைக் கண்ணாலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவைக்கும் வேலை. அங்கே இருக்கும்போதுதான் அப்பா இறந்தார். விடுப்புத் தரவில்லை. விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசியில் முழு ஜெபமாலையும் சொல்லி முடித்தான். போனை அப்பாவின் சவப்பெட்டிக் கண்ணாடி மேலேயே வைத்திருந்ததாக அக்கா சொன்னாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச ஒப்பந்தத்தை ஓட்டினான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தத் தொழில். சாவு வீட்டிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போனால் செத்தவர் கூடவே வந்துவிடுவார் என்பதால், வழியில் எங்காவது நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். கிரிசாந்தோ எப்போதும் அக்காவின் பெட்டிக்கடையில் நின்று ஒரு காப்பி குடிப்பான்.

கொன்சொலசியோன் கிழவி இறந்தபோது, அவனைக் கூப்பிட்டது ஹாங்காங்கிலிருந்த மகள் மிண்டா. அங்கே ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கும் வேறொரு கிழவியைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை அவளுக்கு. நீ போய்விட்டால் என் அம்மாவை யார் பார்ப்பது என்று எஜமானி கேட்டுவிட்டாளாம். அண்ணன் முறை வைத்து அவனை மனோங் என்று கூப்பிட்டாள்.

"மனோங், நான் மூத்த பொண்ணு. தலைமாட்டுல உக்கார வேண்டியவ. திரையை அங்க வைங்க. வர்றவங்க எங்கம்மாவைப் பாக்கும்போது என்னையும் பாக்கட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

கிழவியின் தலைக்கு வலப்பக்கம் முக்காலி போட்டுத் திரையை வைத்தான். மிண்டாவின் முகம் திரை நிறைய வந்தது. சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் சாயங்காலம் அவள் மறுபடி அழைத்தாள். பெட்டி தெரிகிறது, ஆட்கள் தெரிகிறார்கள், ஜெபம் கேட்கிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "திரை எரியுதா மனோங்? யாரும் என் பக்கமே திரும்ப மாட்டேங்குறாங்க" என்றாள்.

போய்ப் பார்த்தான். திரைமேல் பீடத்துத் துணி ஒன்று போர்த்தியிருந்தது. துணியைத் தூக்கினால், அங்கே மிண்டா இல்லை. கிழவியின் பிண முகம் இருந்தது. மிண்டாவின் அண்ணன் அன்செல்மோவின் மருமகன் மடிக்கணினியில் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போய், எதையோ தட்டி, இரண்டு திரையும் ஒன்றையே காட்டும்படி செய்துவிட்டான். அதனால் கேமராவில் விழுந்த பெட்டியே பெட்டிக்குப் பக்கத்திலும் தெரிந்தது. வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் முதல் நாளே படுக்கை விரிப்பால் மூடியிருந்தார்கள். கிழவியின் தங்கை சலுத் இதையும் மூடிவிட்டாள்.

"கண்ணாடியில பொணம் தெரிஞ்சா வீட்டுல இன்னொண்ணு விழும். துணியத் தூக்கிட்டு நிக்கிறியே தோதோ, அறிவிருக்கா?"

"இது கண்ணாடி இல்ல தியா. திரை."

"பொணத்துக்குப் பக்கத்துல நின்னு பொணத்தையே காட்டுது. அதுக்கு நீ என்ன பேரு வச்சா எனக்கென்ன?"

பந்தலில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவன், ஒரு கிழவியையே சமாளிக்க முடியாத வீட்டில் மருமகன் இரண்டாக்கிவிட்டான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

கிரிசாந்தோ இரண்டு திரைகளையும் தனித்தனியாகப் பிரித்தான். மிண்டாவின் முகத்தை இழுத்து மறுபடி இரண்டாம் திரையில் நிறுத்தினான். சும்மா விட்டால் தானாக இருண்டுபோகும் ஏற்பாட்டை நிறுத்தினான். யாரும் தட்டாதபடி விசைப்பலகைமேல் அட்டையை வைத்து ஒட்டினான். சலுத் கிட்டே வந்து பார்த்தாள். மிண்டா "தியா" என்று சித்தியைக் கூப்பிட்டதும் சலுத் உட்கார்ந்து அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எதிரே தட்டில் நூடுல்ஸ் வைத்துக்கொண்டிருந்த அன்செல்மோ மட்டும் எழுந்து பந்தலுக்குப் போனான். சீட்டாடப் போகிறான் என்று கிரிசாந்தோ நினைத்தான்.

அடக்கத்தன்று காலையில் மிண்டாவின் அழைப்பு திரும்ப வந்தது. அவன் ஓடினான். மின்சாரம் இருந்தது. கம்பி இறுக்கமாக இருந்தது. ஒட்டிய அட்டை ஒட்டியபடி இருந்தது. திரைமேல் மறுபடி துணி. ஒலியையும் யாரோ குறைத்து வைத்திருந்தார்கள்.

"நான் போடல" என்றாள் சலுத், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அன்செல்மோ அவன் கையைப் பிடித்து அடுப்படிப் பக்கம் கூட்டிப் போனான்.

"கேட்டா சித்திதான் மூடச் சொன்னாங்கன்னு சொல்லிக்கோ. துணிய எடுக்காத."

"அந்தப் பொண்ணு என்னைக் கேக்குதே மனோங்."

அன்செல்மோ அடுப்பில் விறகைத் தள்ளினான். "எங்கம்மா கடைசி மாசம் பூரா அவ பேரத்தான் சொன்னாங்க. பிளேன் ஏறிட்டா, வந்துக்கிட்டே இருக்கான்னு நாங்க சொன்னோம். அவகிட்ட வெறும் காய்ச்சல்னு சொன்னோம். நெசத்தச் சொல்லியிருந்தா வேலைய விட்டுட்டு ஓடி வந்திருப்பா. வந்துட்டா இந்த வீட்டுல யாரு சோறு போடுறது? இப்ப அங்க வந்து உக்காந்துட்டா. நான் தட்டெடுத்தாப் பாக்குறா. பல்லு குத்தினாப் பாக்குறா. என்னால முடியல."

"அவ பாக்குறது கேமராவுல. துணி போட்டா அவளுக்கு எதுவும் மறையாது."

"தெரியும்டா. எனக்கு மறைஞ்சாப் போதும்."

பாதிரியார் வந்துவிட்டார். இன்னொரு சாவு தொடரக் கூடாது என்று கிழவியின் கைகளில் சுற்றியிருந்த ஜெபமாலையை அறுத்தார்கள். பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெட்டிக்கு மேலே தூக்கி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொடுத்தார்கள். கிரிசாந்தோ முக்காலிக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் துணி எட்டும் தூரத்தில் நின்றான். துணிக்குள்ளிருந்து மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. அன்செல்மோ அம்மாவின் காலடியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரிசாந்தோ கையை நீட்டவில்லை. மூடியைப் போட்டார்கள்.

பெட்டி வாசல் தாண்டியபோது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மிண்டா எழுதியிருந்தாள்: "மூடுறதுக்கு முன்னாடி திரை எரிஞ்சுதா மனோங்? என்னைப் பாத்தாங்களா?"

எரிந்தது, எல்லாரும் பார்த்தார்கள் என்று எழுதி அனுப்பினான்.

வீடு காலியானதும் துணியை உருவினான். அவள் இன்னும் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் குளியலறைச் சுவர் தெரிந்தது. கேமராவுக்கு எதிரே இப்போது பெட்டி வைத்திருந்த வெறும் தாங்குகால்கள்தான் இருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டு, நான்கு பேர் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவள்போல, கண்ணைக்கூடத் துடைக்காமல் இருந்தாள்.

கிரிசாந்தோ கம்பிகளைச் சுருட்டி, திரையை அட்டைப் பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் கட்டினான். பெட்டிக்கடை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் பெட்டிமேல் போன் இருந்தது என்று சொன்னவள் அவள்தான். காப்பி போட்டு வைத்திருப்பதாகக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவன் வண்டியை நிறுத்தவில்லை. சாவு வீட்டிலிருந்து நேராகத் தன் வீட்டுக்கே போனான்.