ஐந்தாவது வால்வு

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவளுக்கு ஊரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்க வழியில்லை. வால்வுக்காரி பதினெட்டு வருஷமாக மேட்டுத் தொட்டியடியில் நின்று ஐந்து தெருக்களுக்கும் முறைவைத்துத் திறந்து மூடியவள். எவன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான், எவள் குடிதண்ணீரில் வாசல் கழுவுகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "கொட்டித் தீக்கறதுக்குன்னே பொறந்ததுங்க" என்பாள். கட்டியவன் மட்டும் அதில் சேர்த்தி இல்லை என்று ஒரு நம்பிக்கை.

அந்தக் கோடையில் காடு பற்றியது. காற்று ஊர்ப் பக்கம் திரும்பியதும், மதியத்துக்குள் எல்லோரும் கிளம்பும்படி ஒலிபெருக்கி வண்டி சொல்லிவிட்டுப் போனது. தீயணைப்பு அதிகாரி அவளை மட்டும் இருக்கச் சொன்னார். லாரிகளை நிரப்ப அந்தத் தொட்டியை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது, அது வற்றினால் ஊரே போச்சு என்றார்.

கிளம்புகிற ஜனத்துக்கு ஆகட்டும் என்று அன்று ஐந்து தெருவுக்கும் சேர்த்தே திறந்துவிட்டிருந்தாள். காலையில் நிரம்பியிருந்த தொட்டி ஒரு மணி நேரத்தில் பாதியானது. தொட்டி ஏணியில் ஏறி ஊரைப் பார்த்தாள். புத்திசாலிகள் ஓடுகிற அவசரத்திலும் ரப்பர் குழாயைக் கூரைமேல் கட்டி, முழுக்கத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊரே எரிந்தாலும் தன் கூரை நனைந்தால் போதும் என்கிற மகா மூளை. தூ என்று துப்பிவிட்டு இறங்கினாள்.

நான்கு தெருக்களின் வால்வுகளை மூடும்போது கை கூசவில்லை. ஐந்தாவது அவளுடைய தெரு. காட்டை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. அதன் கூரையிலும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கட்டியவன் நன்றாக இறுக்கித்தான் கட்டியிருந்தான். அப்படியே விட்டால் வீடு தப்பலாம், லாரிகளுக்கு மிஞ்சாது. வால்வுச் சாவியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வந்தது. மூடிவிட்டாள்.

லாரிகள் ஆறு தடவை நிரப்பிக்கொண்டு போயின. ஊர் தப்பியது. அவள் வீடு தப்பவில்லை.

திரும்பி வந்த ஜனம் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து பார்த்தது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று அவளிடமே சண்டைக்கு வந்தது.

"தொறந்து பாக்க வீடு இருக்குல்ல, போங்க" என்றாள்.

கணவன் கரிக்கட்டைகளைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டான்: "நம்ம வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் விட்டிருக்கலாம்ல?"

பதினெட்டு வருஷமாக ஊரைப் பார்த்த அதே பார்வையில் அவனையும் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்கு நடந்தாள். முதல் தெருவின் முறை வந்திருந்தது.